டீசல் இறங்கிய படகு

என் கணவர் கப்பலில் சீஃப் இன்ஜினியராக இருந்தவர். ஓய்வு பெற்று, பாளையங்கோட்டையில் என்னோடு நிரந்தரமாகக் குடியிருக்க வந்தபோது அவருடைய காதுகள் பாதிக்கு மேல் போயிருந்தன. இன்ஜின் அறைச் சத்தம் தின்ற காதுகள். டாக்டர் இரண்டு காதுக்கும் கருவி எழுதிக் கொடுத்தார். வீட்டுக்குள் அதைப் போட்டுக்கொண்டு, நான் முகத்தைப் பார்த்துப் பேசினால், பெரும்பாலும் புரிந்துகொள்வார். மின்விசிறி வேகமாகச் சுற்றினாலோ மிக்ஸி ஓடினாலோ அவ்வளவுதான்.

நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் பாடம் நடத்தியவள். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்துக்குப் புராட்டஸ்டண்ட் வீட்டிலிருந்து போன மருமகள் என்பதால் ஆரம்பத்தில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. பிறகு அது எல்லோருக்கும் மறந்துவிட்டது. கல்யாணமான காலத்தில் வருடத்தில் பாதிக்கு மேல் அவர் கடலில், நான் கரையில். அதனால் எங்களுக்குள் பேசிக்கொள்ளப் பெரிய பழக்கமே விழவில்லை என்றுதான் சொல்லவேண்டும். ஓய்வுக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நான் நினைத்திருந்தேன். அவரோ ஒரு படகு வாங்கினார்.

கொச்சியில் யாரோ ஒருவர் குடும்பத்தோடு வெளிநாடு போகும்போது விற்றுவிட்டுப் போன பழைய பாய்மரப் படகு அது. ஃபைபர் உடம்பு, ஒரே ஒரு பாய்மரம், உள்ளே இரண்டு பேர் குனிந்து உட்காருகிற அளவுக்கு ஓர் அறை, அடியில் தூக்கி இறக்கிக்கொள்ளும் பலகை. லாரியில் ஏற்றிப் புன்னைக்காயலுக்குக் கொண்டுவந்தார். தாமிரபரணி கடலோடு சேருகிற ஊர் அது. அவர் பிறந்த ஊர். அவருடைய தம்பி அங்கேதான் மீன்பிடிக்கிறார். தம்பி வீட்டுக்குப் பின்னால் ஆற்றின் கிளை ஒன்றில் படகைக் கட்டிப்போட்டார்கள். ஊரில் அதற்கு ‘வெள்ளைக்காரன் படகு’ என்று பெயர். மீன் பிடிக்காத, சரக்கு ஏற்றாத படகை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வான் என்பது அங்கே யாருக்கும் பிடிபடவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் பிடிபடவில்லை. ஆனாலும் சனிக்கிழமைதோறும் அவரோடு போனேன். கடலுக்குப் போய்ப் பாயை விரித்ததும் அவர் முகம் மாறிவிடும். அதைப் பார்ப்பதற்காகப் போனேன்.

படகில் இருந்த டீசல் இன்ஜின்தான் தொல்லை. பாய்மரப் படகு என்று பெயரே தவிர, ஆற்றிலிருந்து கடலுக்குப் போகவும் கடலிலிருந்து ஆற்றுக்குள் வரவும் இன்ஜின் இல்லாமல் முடியாது. முகத்துவாரத்தில் மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். அலை மடங்கி விழுகிற இடத்தில் காற்றை நம்பிப் போகக்கூடாது. கடலிலும் காற்று பாதி வழியில் படுத்துக்கொள்ளும். அப்போதெல்லாம் டீசல் ஓடும். ஒற்றை சிலிண்டர் இன்ஜின். ஓடினால் படகே நடுங்கும். காதுக் கருவியைப் போட்டிருந்தால் மண்டைக்குள் யாரோ தகரத்தைத் தட்டுவது போலிருக்கிறது என்று சொல்லி, கிளம்பும்போதே அதைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுவார். பிறகு நான் முன்னால் உட்கார்ந்து கையைக் காட்டவேண்டும். இடது கை தூக்கினால் இடது பக்கம், வலது கை தூக்கினால் வலது பக்கம். போகும்போதும் வரும்போதும் ஒரு வார்த்தை கிடையாது. டீசல் புகை வேறு. வீட்டுக்கு வந்தால் என் சேலை, தலைமுடி எல்லாம் லாரி ஷெட் வாசனை அடிக்கும்.

ஒரு சனிக்கிழமை மதியம் திரும்பிக்கொண்டிருந்தோம். முகத்துவாரத்தைத் தாண்டி ஆற்றுக்குள் நுழைந்துவிட்டோம். அவர் பின்னால் சுக்கானைப் பிடித்தபடி இன்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீர் ஒழுங்காக வெளியே வருகிறதா என்று குனிந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து அலையாத்திச் செடிகளின் மறைவிலிருந்து ஒரு வள்ளம் வெளியே வந்தது. அதில் இரண்டு பேர் வலையை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் இடது கையைத் தூக்கினேன். அவர் பார்க்கவில்லை. கத்தினேன். வள்ளத்தில் இருந்தவர்களும் கத்தினார்கள். நான் எழுந்து பின்பக்கம் ஓடுவதற்குள் எங்கள் படகின் மூக்கு வள்ளத்தின் பக்கவாட்டில் உரசி, ஒருவர் தண்ணீருக்குள் விழுந்துவிட்டார்.

ஆழம் கம்மி. விழுந்தவர் உடனே எழுந்து நின்றார், இடுப்பளவு தண்ணீர்தான். அடி எதுவும் படவில்லை. என் கணவர் இன்ஜினை நிறுத்திவிட்டுப் பதறிப்போய், “ஒண்ணும் ஆகலல்லா? ஒண்ணும் ஆகலல்லா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். விழுந்தவர் முகத்தை வழித்துக்கொண்டே, “காது என்ன செவிடா வே?” என்றார். அது என் கணவருக்குக் கேட்கவில்லை. அவர் கைகூப்பிச் சிரித்தார். விழுந்தவருக்கு விஷயம் புரிந்துபோய் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “சரி சரி, போங்க. பைய போங்க” என்றார், என்னைப் பார்த்து.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சொன்னேன், “இனி அந்த இன்ஜின் இருக்கிற வரைக்கும் நான் அதுல ஏற மாட்டேன்.” ஒரு தாளில் எழுதிக் காட்ட வேண்டிய அவசியமே இல்லாமல், ஒரே தடவையில் அவருக்குக் கேட்டது.

“நீ வராம நான் மட்டும் எதுக்குப் போவணும்? வித்துருவோம்” என்றார்.

அந்தப் பேச்சு எனக்கு நிம்மதி தந்திருக்கவேண்டும். தரவில்லை. அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். தொலைக்காட்சியில் எழுத்து ஓடுகிற செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகை வாங்கிக்கொள்ள வள்ளியூர்ப் பக்கமிருந்து ஒருவர், தம்பி மூலமாக விசாரித்தார். ஏதோ விடுதி கட்டுகிறாராம். முற்றத்தில் அழகுக்கு நிறுத்தி வைக்கப் போகிறாராம். தண்ணீரே படாத இடத்தில் அந்தப் படகு நிற்கப் போகிறது என்று கேட்டபோதும் அவர் சரி என்றுதான் தலையாட்டினார்.

அந்த வாரத்தில்தான் இருவரும் மார்க்கெட்டுக்குப் போனோம். திரும்பி வரும்போது கிடைத்தது பேட்டரி ஆட்டோ. பாளையங்கோட்டைத் தெருக்களில் அவை நிறைய ஓட ஆரம்பித்திருந்த சமயம். மதியம் என்பதால் தெருவில் கூட்டமில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி, “முருங்கைக்கா வாங்க மறந்துட்டேன்” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

“முருங்கைக்கா வேண்டாம். நேத்துதான வச்ச” என்றார் அவர்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் அந்தப் பக்கம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயசைவைப் பார்க்கவில்லை. கருவி மாட்டிய தன்னுடைய காதால் கேட்டிருக்கிறார். அது பெரிய விஷயம் என்று அவருக்கே தோன்றவில்லை. வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் பேசிப் பார்த்தேன். தக்காளி நன்றாக இல்லை என்றேன். “ஆமா, ஒரே காயா இருக்கு” என்றார். எந்த ஆட்டோவிலும் நாங்கள் அதுவரை பேசிக்கொண்டதில்லை. வீட்டு வாசலில் இறங்கியபோது ஓட்டுநரிடம் ஆட்டோவின் மோட்டார் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் இருக்கையைத் தூக்கிக் காட்டினார். குனிந்து பார்த்தேன். என் கணவர் பையை வைத்துக்கொண்டு, இவளுக்கு என்ன ஆயிற்று என்பது போல நின்றுகொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே சொன்னேன். டீசலைக் கழற்றிவிட்டு மோட்டார் போடுவோம். பேட்டரி, கண்ட்ரோலர், வயரிங் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அவர் ஒரேயடியாக மறுத்தார். “தண்ணிக்கு நடுவுல கரண்டா? நல்லாருக்கு” என்றார். டீசல்தான் தனக்குச் சோறு போட்டது என்றார். பேட்டரி செத்துப்போனால் முகத்துவாரத்தில் நின்று மாதாவைக் கூப்பிடவேண்டியதுதான் என்றார். நான் விடவில்லை. மூன்று நான்கு நாள் இந்த வாக்குவாதம் ஓடியது; எங்களுக்குள் அவ்வளவு நீளமாக நடந்த முதல் பேச்சுவார்த்தை அதுவாகத்தான் இருக்கும். கடைசியில் ஒன்று வெளியே வந்தது. எப்போதோ ஒரு கப்பலில் ஸ்விட்ச்போர்டு தீப்பிடித்ததை அவர் நேரில் பார்த்திருக்கிறார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த நீலத் தீயும் உருகிய ரப்பர் வாசனையும் இன்னும் கனவில் வருகிறதாம். டீசல் மேல் உள்ள பாசத்தால் மறுக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பயந்துபோயிருந்தார்.

“அப்ப நீங்க தீயப் பத்தி மட்டும் பாருங்க. எங்கெங்க பயமா இருக்கோ சொல்லுங்க. அங்கெல்லாம் நான் பதில் சொல்லுதேன்” என்றேன்.

அது நன்றாக வேலை செய்தது. அவர் பேட்டரிப் பெட்டி இருக்கவேண்டிய உயரத்தைச் சொன்னார்: படகின் அடியில் தண்ணீர் தேங்கினால்கூட எட்டக்கூடாது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும் என்றார். கையை நீட்டினால் எட்டுகிற இடத்தில் மொத்தத்தையும் துண்டிக்கிற ஸ்விட்ச் வேண்டும், அதுவும் சுக்கான் பிடிப்பவருக்கு எட்டவேண்டும் என்றார். எல்லாம் சரியான யோசனைகள். நான் தனியாகச் செய்திருந்தால் அந்த ஸ்விட்சை உள்ளே, அறைக்குள் வைத்திருப்பேன்.

வள்ளியூர்க்காரரிடம் படகு விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, மோட்டாரைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தோம். ஆட்டோவில் போடுகிற அதே வகைதான். அளவு மட்டும் பெரிது. ஏரலில் லேத் பட்டறை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி, மோட்டார் உட்காரும் இரும்புத் தட்டையும் இரண்டு பல்சக்கரங்களையும் கடைந்து கொடுத்தார். அவர் வாழ்நாளெல்லாம் வயல் மோட்டாருக்கும் நெல் அறுக்கும் இயந்திரத்துக்கும் வேலை செய்தவர். படகுக்கு என்றதும், “கடல்ல கரண்டு வண்டியா! ஓடுச்சுன்னா நானும் ஒரு நாளு வாறேன்” என்றார்.

இன்ஜினை வெளியே தூக்கிய நாளில் நான் கரையில் நின்றிருந்தேன். படகைக் கரையோரம் இழுத்து, மூன்று பனங்கட்டைகளைக் கூம்பாக நட்டு, அதில் பாரம் தூக்குகிற செயின் பிளாக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். கொழுந்தனார் சங்கிலியை இழுத்தார். என் கணவர் படகுக்குள் நின்று இன்ஜினைக் கையால் தாங்கிக்கொண்டார்; எங்கேயும் இடிக்காமல் பார்த்துக்கொண்டார். அது அங்குலம் அங்குலமாக எழும்பி வெளியே வந்து அந்தரத்தில் தொங்கியது. பாரம் போனதும் படகின் பின்பக்கம் ஒரு சாண் மேலே வந்துவிட்டது. “மதினி, அங்கன பாருங்க! குனிஞ்சு கெடந்தது நிமிந்துட்டு” என்றார் கொழுந்தனார்.

என் கணவர் வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன். மண்ணெண்ணெய்த் துணியால் இன்ஜினைத் துடைத்து, சாக்கில் வைத்து, மணலில் உட்கார்ந்து அதை ஒரு தடவை பார்த்தார். பிறகு இரண்டு கையையும் பின்னால் ஊன்றிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

“முதுகுல இருந்து எறக்குன மாரி இருக்குட்டி” என்றார்.

அந்த இன்ஜினைப் பிறகு பழையகாயல் பக்கம் ஓர் உப்பளக்காரர் வாங்கிக்கொண்டு போனார், பாத்திக்குத் தண்ணீர் இறைக்க.

வயரிங் முழுக்க என் கையால் செய்தேன். முட்டி வலிக்க அந்தக் குறுகிய அறைக்குள் குனிந்து உட்கார்ந்து, பெருவிரல் தடிமன் கேபிளை வளைத்து முடுக்கினேன். அவர் வெளியிலிருந்து ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார். “இது என்ன? அது எதுக்கு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். காதுக் கருவியைப் போட்டிருந்தார், இன்ஜின் இல்லாத படகில் அது அவரைத் தொந்தரவு செய்யவில்லை. நான் தலையை வெளியே நீட்டாமலேயே பதில் சொன்னேன். அவருக்குக் கேட்டது. பாடம் நடத்துவதுபோல இருந்திருக்கிறது. “சரி டீச்சர்” என்று கிண்டல் செய்தார்.

முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது படகைக் கயிற்றால் தென்னையில் கட்டியிருந்தோம். நல்லவேளை. வேகத்தைக் கூட்டுகிற பிடியை மெதுவாக முன்னால் தள்ளினேன். படகு பின்னால் போனது. கரையில் நின்ற கொழுந்தனார், “மதினி, வண்டி பின்னாடில்லா போவுது!” என்று கத்திச் சிரித்தார். மோட்டாருக்குப் போகிற மூன்று வயர்களில் இரண்டை மாற்றிப் பொருத்திவிட்டேன். பாலிடெக்னிக்கில் மாணவர்கள் இதைச் செய்தால் மதிப்பெண் குறைப்பேன். மாற்றிப் பொருத்தியதும் படகு ஒழுங்காக முன்னால் போய்க் கயிற்றை விறைப்பாக இழுத்தது.

சத்தமே இல்லை. ஒரு மெல்லிய ரீங்காரம், அவ்வளவுதான். ஆனால் என் கணவர் திருப்தியாகவில்லை. குனிந்து, தண்ணீருக்குள் இருக்கிற விசிறியைச் சுழற்றும் ஷாஃப்ட் போகிற குழாயின் மேல் உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“ஒரு சுத்துக்கு ஒரு தட்டு தட்டுது” என்றார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. “எனக்குத்தான் காது நல்லா இருக்கு, எனக்கே கேக்கலையே” என்றேன்.

“கப்பல்ல இருந்தப்ப காது போன பெறவு கையாலதான் எல்லாம் பாத்தேன். நீ கை வச்சுப் பாரு.”

வைத்துப் பார்த்தேன். மிக லேசாக ஏதோ ஒன்று விரல்களில் தட்டியது. மோட்டாரும் ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டில் உட்காரவில்லை. டீசல் ஓடிய காலத்தில் அந்த நடுக்கத்துக்குள் இதெல்லாம் தெரிந்திருக்காது. மோட்டாரின் இரும்புத் தட்டுக்கு அடியில் ஒரு முனையில் மெல்லிய தகடு ஒன்றைச் சொருகி, போல்ட்டைத் தளர்த்தி முடுக்கி, மறுபடி தளர்த்தி முடுக்கி, மதியச் சாப்பாடு ஆறிப்போகிற வரைக்கும் இருவரும் அதிலேயே கிடந்தோம். கடைசியில் அவர் கையை வைத்துப் பார்த்து, “இப்ப தூங்குது” என்றார்.

கடலுக்குப் போக ஒரு காலைநேரம் பார்த்தோம். காற்று லேசாக இருந்தது. கொழுந்தனார் எங்களை நம்பவில்லை. ஏதாவது ஆனால் கயிறு போட்டு இழுத்து வரலாம் என்று தன் வள்ளத்தில் பின்னாலேயே வந்தார். அதன் மோட்டார் எங்களுக்குப் பின்னால் உறுமிக்கொண்டு வந்தது. காதுக் கருவியைக் கழற்றாமலே வந்த என் கணவர் திரும்பிக் கையை வீசினார்.

“போலே அங்கன! ஒன் சத்தத்துல ஒன் மதினி சொல்லுதது கேக்க மாட்டேங்கு!”

கொழுந்தனார் கும்பிட்டுவிட்டுத் தூரமாக விலகிக்கொண்டார்.

அதன் பிறகு ஆறு எங்களுக்கு மட்டும் கிடைத்தது. அலையாத்திச் செடிகள் இருபக்கமும் மெதுவாகப் பின்னால் நகர்ந்தன. கொக்குகள் எழும்பவில்லை. டீசல் காலத்தில் நாங்கள் வருவது தெரிந்தாலே கூட்டமாக எழும்பிப் போய்விடும். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பின்னால் எங்கோ ‘ளொபுக்’ என்று ஒரு சத்தம்.

“மடவை” என்றார் அவர், சுக்கானைப் பிடித்தபடி.

மீன் துள்ளி விழுந்த சத்தத்தை அவர் கேட்டிருக்கிறார். நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். தான் கேட்டதை இந்தத் தடவை அவரும் கவனித்துவிட்டார். கொஞ்ச நேரத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. நானோ அழுதுவிடாமல் இருக்க மணல்திட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முகத்துவாரத்தில் அலை இருந்தது. பிடியை முன்னால் தள்ளியதும் படகு தயங்காமல் எழும்பி ஏறியது. டீசல் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் உறுமும். இது தள்ளிய அந்த நொடியே இழுத்தது. இரண்டு அலை. மூன்றாவதில் கொஞ்சம் தண்ணீர் என் முகத்தில் அடித்தது. பிறகு வெளிக்கடல். பாயை விரித்து மோட்டாரை நிறுத்தினோம். அது நின்றதே தெரியவில்லை.

நெடுநேரம் கழித்துக் காற்று குறைந்து, பாய் தொங்கியது. மோட்டாரை மிக மெதுவாக ஓடவிட்டுக் கரைக்கு இணையாகப் போய்க்கொண்டிருந்தோம். தண்ணீர் படகின் வயிற்றில் தட்டுவது மட்டும் கேட்டது. அப்போதுதான் அவர் கேட்டார்.

“ஒங்க அப்பா தவறுன அன்னைக்கு நீ எனக்குப் போன் பண்ணுனல்லா. அன்னைக்கு என்ன சொன்ன?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அன்று அவர் அட்லாண்டிக்கில் ஏதோ கப்பலில் இருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கப்பலின் சாட்டிலைட் போனுக்கு அழைத்தேன். அப்பாவின் கடைசி நேரத்தை, அழுகையோடு, ஒன்றுவிடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், “சரி சரி, நல்லது. பெறவு பேசுதேன்” என்று சொல்லி வைத்துவிட்டார். நல்லது. அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவரிடமும் கேட்டதில்லை. மாமனார் செத்ததுக்கு நல்லது என்று சொல்கிற மனிதனோடு வாழ்கிறோம் என்று மட்டும் உள்ளே எங்கோ எழுதி வைத்துவிட்டேன்.

“எதுக்கு இப்ப கேக்கிய?”

“எனக்கு அன்னைக்கு ஒண்ணுமே கேக்கல. இன்ஜின் ரூமுக்கு மேலதான் அந்தப் போனு. நீ அழுதியா சிரிச்சியான்னுகூடத் தெரியல. எல்லாத்துக்கும் சரி சரின்னு சொல்லிட்டு வச்சுட்டேன். மறுநாளு தம்பி அனுப்புன செய்தியப் படிச்சுத்தான் தெரிஞ்சுது. காது போயிட்டுன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவான். ஒன்கிட்ட சொன்னா நீ பயப்படுவ. அப்படியே விட்டுட்டேன். பெறவு கேக்கவே வாய் வரல.”

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. யாரோ என் தோளில் அழுத்தி வைத்திருந்த கையை எடுத்துவிட்டது போலிருந்தது.

“இப்ப சொல்லுதியா?” என்றார்.

சொன்னேன். அப்பா காலையில் இரண்டு வாய் கஞ்சி குடித்ததை. ஜன்னலைத் திறந்துவைக்கச் சொன்னதை. மாப்பிள்ளை வந்துவிட்டாரா என்று இரண்டு தடவை கேட்டதை. வந்துகொண்டிருக்கிறார் என்று நான் பொய் சொன்னதை. சங்கீதப் புத்தகத்தை எடுத்துத் தலையணைப் பக்கத்தில் வைக்கச் சொன்னதை. அவர் சுக்கானை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, என் பக்கமாகக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டார். ஒரு தடவைகூட, “என்ன? திரும்பச் சொல்லு” என்று கேட்கவில்லை.

“என்னயக் கேட்டாரா?” என்றார் கடைசியில்.

“ரெண்டு தடவ.”

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் அப்பாவைப் பற்றி அவர் பேசினார். கல்யாணத்துக்கு முன் பெண் கேட்க வந்தபோது, அவரை மட்டும் தனியாக அழைத்துப்போய்க் கப்பல் எப்படி மிதக்கிறது என்று அப்பா கேட்டாராம். அதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

திரும்பும்போது ஒரு பயம் வந்தது. ஆற்றுத் தண்ணீர் கடலுக்கு இறங்குகிற நேரம். எதிர்த்து ஏறவேண்டியிருந்தது; பேட்டரி மீட்டரில் எண் நான் கணக்குப் போட்டதைவிட வேகமாகக் குறைந்தது. “நடுவுல போவாம ஓரமா போவோம். ஓரத்துல இழுப்பு கம்மி” என்றார் அவர். சின்ன வயதிலிருந்து அவருக்குத் தெரிந்த ஆறு. கரையை ஒட்டிப் படகைக் கொண்டுபோனார். மீட்டர் அமைதியானது. அலையாத்தி மறைவிலிருந்து ஒரு வள்ளம் மூக்கை நீட்டியது. “வலது பக்கம் ஒரு வள்ளம் வருது” என்றேன், சாப்பாட்டு மேசையில் உப்பை எடுங்கள் என்று சொல்கிற குரலில். அவர் சுக்கானைத் திருப்பி வேகத்தைக் குறைத்தார். வள்ளக்காரர்கள் எங்களைக் கடந்து போனார்கள், இந்தப் படகு ஏன் சத்தம் போடவில்லை என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே.

கரை சேர்ந்தபோது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பேட்டரி மீதம் இருந்தது. கயிற்றை வாங்கிக் கட்டிய கொழுந்தனாரிடம் அந்த எண்ணைக் காட்டினேன். “அப்ப நாளைக்கும் போலாமா மதினி?” என்றார். அவர் வீட்டிலிருந்து வயரை இழுத்துச் சார்ஜ் போட்டுவிட்டு, ஊளி மீன் குழம்பு சாப்பிட்டோம். நான் இரண்டாவது தடவை சோறு வாங்கினேன், அவ்வளவு பசி.

சாயங்காலம் காரில் கிளம்பி ஏரலில் டீ குடிக்க நிறுத்தினோம். புன்னைக்காயலிலிருந்து அங்கே வருகிற வரைக்கும் என் கணவர் வாய் மூடவில்லை. படகுக்கு மேல் சோலார் தகடு வைக்கவேண்டும், லேத் அண்ணாச்சியை அடுத்த வாரம் கூட்டிப்போகவேண்டும், மணப்பாடு வரைக்கும் போய்வர எவ்வளவு சார்ஜ் ஆகும், எந்தெந்தக் கப்பலில் எந்த இன்ஜின் எப்படிச் சத்தம் போட்டது என்று வருடக்கணக்கில் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தார். டீக்கடை பெஞ்சிலும் அது தொடர்ந்தது. காலையிலிருந்து வெயிலில் இருந்ததில் எனக்கு லேசாகத் தலை வலித்தது.

“கொஞ்ச நேரம் சும்மா இருக்கியளா?” என்று முணுமுணுத்தேன்.

“கேக்குது, கேக்குது” என்றார், டீயை ஊதிக்கொண்டே.